கார் டயரில் சேதம்: ஒட்டலாமா, மாற்றத்தான் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆணி, வெட்டு, வீக்கம், வெடிப்பு என டயரில் எதைக் கண்டாலும் முதலில் எழும் சந்தேகம் ஒன்றுதான்: பஞ்சர் ஒட்டி ஓட்டலாமா, புது டயர் வாங்க வேண்டுமா? சேதம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அது எந்த இடத்தில் இருக்கிறது, உள்ளே நூல் அடுக்கு அறுந்திருக்கிறதா என்ற இரண்டும்தான் முக்கியம். மேலே இருக்கும் ரப்பர் போர்வை மட்டுமே. காரின் எடையையும் காற்றின் அழுத்தத்தையும் தாங்குவது உள்ளே இருக்கும் பாலியஸ்டர் நூல் அடுக்கும், சாலையைத் தொடும் மேற்பகுதியான ட்ரெட்டுக்கு அடியில் ஓடும் எஃகுக் கம்பி பெல்ட்டும்தான்.

ஆணி குத்தியிருக்கிறது, ஆனால் காற்று இறங்கவில்லை. பிடுங்கிவிடலாமா?

வழியில் நின்று பிடுங்க வேண்டாம். சில ஆணிகள் ட்ரெட் ரப்பரோடு நின்றுவிடும். சில உள்ளே வரை போயிருந்தாலும், ஆணியே துளையை அடைத்துக்கொண்டு காற்றைப் பிடித்து வைத்திருக்கும். தலையை மட்டும் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. பிடுங்கிய பிறகு தெரிந்தால், நின்ற இடத்திலேயே ஸ்டெப்னி மாற்ற வேண்டியதுதான்.

முதலில் காற்றழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் சோப்பைக் கரைத்து ஆணியைச் சுற்றி ஊற்றிப் பாருங்கள். குமிழி வந்தால் துளை உள்ளே வரை போயிருக்கிறது. வராவிட்டால் மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் மறுபடி அளந்து பாருங்கள். மற்ற மூன்று டயர்களும் அப்படியே இருக்க, இதில் மட்டும் 2, 3 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் கசிவு உறுதி. ட்ரெட் பள்ளத்தில் சிக்கிய கல் என்றால் கவலையில்லை, மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிடலாம்.

எந்த இடத்தில் இருந்தால் ஒட்டலாம்?

ட்ரெட்டின் நடுப்பகுதியில் இருந்தால் மட்டும். துளையின் விட்டம் 6 மி.மீ.க்குள், அதாவது சாதாரணப் பென்சிலைவிடச் சற்று மெல்லியதாக இருக்க வேண்டும். அதிகம் சாய்வாகவும் குத்தியிருக்கக் கூடாது. ட்ரெட்டில் 5 மி.மீ. துளையாகத் தெரிவது, சாய்ந்து போயிருந்தால் உட்புறத்தில் நீண்ட கிழிசலாக இருக்கும். சில நேரம் அது தோள்பட்டைப் பகுதிக்கே போய்விடும்.

தோள்பட்டை என்பது ட்ரெட் வளைந்து பக்கச்சுவரைத் தொடும் இடம். எஃகு பெல்ட்டின் விளிம்பு முடிவது அங்கேதான், டயர் அதிகம் சூடாவதும் அங்கேதான். அதற்குக் கீழே பக்கச்சுவரில் பெல்ட்டே கிடையாது. ஒன்றிரண்டு நூல் அடுக்குகள் மட்டும் இருக்கும், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அவை மடங்கி விரியும். அங்கே எந்தப் பேட்ச் ஒட்டினாலும் அந்த அசைவே அதைப் பிய்த்துவிடும், அறுந்த நூலைச் சேர்க்கவும் வழியில்லை. ஆகவே தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ உள்ளே வரை துளை விழுந்தால், அது சிறு முள் குத்தியதாக இருந்தாலும் டயரை மாற்றுங்கள். ‘சைடுவாலுக்கும் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லும் கடையில் வேறு வேலையையும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஏற்கெனவே ஒட்டிய இடத்தின் மேலேயோ அதை ஒட்டியோ புதுத் துளை விழுந்து, இரண்டு பேட்ச்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஆனாலும் அந்த டயர் வேண்டாம்.

டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே திரி செருகிவிடுகிறார்களே, அது போதாதா?

கடை வரை போய்ச் சேரப் போதும். நிரந்தர வேலையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பசை தடவிய திரி காற்றை நிறுத்தும் என்பது உண்மைதான். பலர் அதிலேயே நீண்ட நாள் ஓட்டுவதும் உண்டு. ஆனால் டயரை ரிம்மிலிருந்து கழற்றாமல் திரி போடுபவர் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. துளையை அடைத்தது சரி, டயர் ஓட்டத் தகுந்ததா என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காற்றைப் பிடித்து வைக்க பியூட்டைல் ரப்பரால் ஆன மெல்லிய படலம் உண்டு. திரி அந்தப் படலத்தை ஒழுங்காக மூடாது. அதன் ஓரமாக ஈரம் புகுந்து எஃகு பெல்ட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். உள்ளே பேட்ச் மட்டும் ஒட்டினாலோ நேர்மாறான குறை: காற்று நிற்கும், ஆனால் வெளியிலிருந்து தண்ணீர் இறங்கத் துளை திறந்தே கிடக்கும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வது மஷ்ரூம் பேட்ச். காளான் போலத் தலையும் தண்டும் ஒன்றாக இருக்கும். முறையான வேலை இப்படி நடக்கும்: டயரைக் கழற்றி உட்புறம் முழுவதையும் விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள். துளையைக் குறித்து, டிரில்லில் பொருத்திய கார்பைடு கட்டரால் அது போன வழியிலேயே சுத்தம் செய்கிறார்கள், வெட்டுப்பட்ட கம்பி முனைகள் பேட்ச்சைக் குத்தாமலிருக்க. உள்படலத்தைப் பேட்ச்சின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்த்து, தூளை உறிஞ்சி எடுத்து, வல்கனைசிங் பசை தடவிக் காய விடுகிறார்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் பேட்ச் பெயர்ந்து வரும் முக்கியக் காரணம். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டும் பதம் இருக்க வேண்டும், விரலில் பசை வரக் கூடாது. பிறகு தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, தலையை உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, விளிம்புக்குச் சீலர் பூசி, வெளியே நீட்டிய தண்டை வெட்டிவிடுகிறார்கள். கடைசியாகக் காற்றடித்து சோப்புத் தண்ணீர் சோதனை, வீல் பேலன்சிங். பத்து நிமிடத்தில் முடிந்தது என்றால் இதில் ஏதோ ஒரு படியை விட்டிருப்பார்கள்.

காற்று இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன். டயர் தேறுமா?

வெளியே பார்த்துச் சொல்ல முடியாத கேள்வி இது. சின்ன ஆணித் துளைதான், ஒட்டிவிடலாம் என்று நினைத்த டயர்களில் கணிசமானவை கழிந்துபோவது இதனால்தான். காற்றில்லாத டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி மடிந்தபடியே சுற்றும். உள்ளே ரப்பரும் ரப்பரும் உரசிச் சூடேறி, நூல்கள் வலுவிழந்துவிடும்.

டயரைக் கழற்றியதும் உள்ளே கை விட்டுத் துழாவிப் பாருங்கள். கறுப்பு மாவு போல ரப்பர்த் தூளும் உருண்டைகளும் கையோடு வந்தால் வேறு சோதனையே தேவையில்லை, மாற்றுங்கள். அடுத்து பக்கச்சுவரின் உட்புறம்: அது ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும். வட்டமாக ஒரு பட்டை மட்டும் சுருக்கம் விழுந்தோ, சொரசொரப்பாகவோ, நூல் வரிகள் தெரியும்படியோ இருந்தால் அதுவும் கழிவுதான். வெளிப்புறத்தில் பக்கச்சுவரைச் சுற்றி நிறம் மங்கிய வளையம் ஓடுவதும் இதே அடையாளம். ஓட்டிய தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரிம் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தால் மிகக் குறைந்த தூரமே போதும், அதிலும் பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர்களில்.

பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருக்கிறது. காற்று இறங்கவில்லை. ஓட்டலாமா?

கூடாது. பள்ளத்திலோ நடைமேடை விளிம்பிலோ வேகமாக மோதும்போது பக்கச்சுவர் ரிம்மின் விளிம்புக்கும் மோதிய இடத்துக்கும் இடையில் நசுங்கி, உள்ளே சில நூல்கள் அறுந்துவிடும். அந்த இடத்தில் காற்றைத் தடுத்து நிற்பது ரப்பர் மட்டுமே, அதனால்தான் வீங்குகிறது. வீக்கம் மோதிய அன்றே தெரிய வேண்டும் என்றில்லை. சில வாரம் கழித்தும் தலைகாட்டும். அதனால் காரணம் நினைவுக்கே வராமல் டயரில்தான் குறை என்று தோன்றும்.

இதற்கு ரிப்பேர் என்று எதுவும் இல்லை. காற்றைக் குறைத்து ஓட்டுவது இன்னும் மோசம், டயர் கூடுதலாக மடங்கும். ஸ்டெப்னி மாட்டிக் கடைக்குப் போங்கள். அதே மோதலில் ரிம்மும் வளைந்திருக்கக்கூடும் என்பதால், புது டயர் ஏற்றும் முன் ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு இரு பக்க விளிம்பும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அலாய் வீல் என்றால் உட்பக்க விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீங்கவில்லை, உள்பக்கமாக ஒரு கோடு போலக் குழிந்திருக்கிறது. இதுவும் ஆபத்தா?

இல்லை. டயர் தயாரிக்கும்போது நூல் அடுக்கின் இரண்டு ஓரங்களும் ஒன்றன் மேல் ஒன்று சேரும் இடம் அது. அங்கே நூல் இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடம் விரியும் அளவுக்கு அது விரியாது. ரிம்மிலிருந்து ட்ரெட்டை நோக்கிப் போகும் மெல்லிய பள்ளமாகத் தெரியும். வெளியே புடைத்தால்தான் பயப்பட வேண்டும்.

பக்கச்சுவரில் உரசலும் வெட்டும் இருக்கின்றன. எதுவரை விட்டுவைக்கலாம்?

நடைமேடையில் உரசி மேல் ரப்பர் சிராய்த்திருந்தால், எழுத்து கொஞ்சம் அழிந்திருந்தால், ரிம்மைக் காக்க டயரில் இருக்கும் வரப்பில் துணுக்கு பெயர்ந்திருந்தால் அப்படியே ஓட்டலாம். வெட்டு என்றால் மழுங்கிய குச்சியால் மெதுவாக விரித்து, டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். அடியிலும் வழவழப்பான கறுப்பு ரப்பர்தான் என்றால் மேலோட்டமான காயம். நூலோ, துணியிழை போன்ற நெசவோ கண்ணில் பட்டால் மாற்ற வேண்டும், காற்று ஒரு பொட்டுக்கூட இறங்காவிட்டாலும். மடல் போலத் தூக்கி நிற்கும் வெட்டைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு. அதனால் டயருக்குப் பலமும் வராது, அடியில் நூல் தெரிகிறதா என்று பிறகு பார்க்கவும் முடியாது.

உள்ளே டியூப் போட்டு ஓட்டலாமா?

பக்கச்சுவர் கிழிந்த டயரில் டியூப் போடுவது காற்றுக்கு மட்டும்தான் தீர்வு. எடையைத் தாங்க வேண்டிய நூல் அறுந்தது அறுந்ததுதான். போதாததற்கு டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் உரசி டியூப் சூடாகும், கிழிந்தால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போகும். வேண்டாம்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டயர்தான் காரணமா?

ஆட்டம் எந்த வேகத்தில் வருகிறது என்று கவனியுங்கள். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் மட்டும் வந்தால் பேலன்சிங் எடை கழன்றிருக்கும் வாய்ப்பு அதிகம். 20, 30 கி.மீ. வேகத்திலேயே ஸ்டீயரிங் இடமும் வலமும் மெல்ல அசைந்தால், உள்ளே எஃகு பெல்ட் ரப்பரை விட்டுப் பிரிந்திருக்கலாம். இதைப் பேலன்சிங் சரிசெய்யாது, ‘பேலன்ஸ் பண்ணியாச்சு, இன்னும் ஆடுது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

சக்கரத்தைத் தூக்கிவைத்து, ட்ரெட்டுக்கு மிக அருகில் ஒரு பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். பேனாவுக்கும் ட்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி ஓரிடத்தில் திடீரெனக் குறைந்தாலோ, ட்ரெட்டின் பள்ளக் கோடு ஓரிடத்தில் பக்கவாட்டில் விலகிப் போனாலோ பெல்ட் பிரிந்திருக்கிறது. உள்ளங்கையால் தடவினாலும் மேடு தட்டுப்படும், ஆனால் கம்பி வெளியே வந்திருக்கக்கூடும் என்பதால் கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இந்த டயரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. ட்ரெட் உரிந்து வருவது வேகத்தில்தான்.

ஆணி இல்லை, வெட்டு இல்லை. ஆனால் வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்காக டயரை மாற்றிவிடாதீர்கள். நல்ல டயரும் மாதத்துக்கு 1, 2 பி.எஸ்.ஐ. இழக்கும், அது இயல்பு. அதைவிட அதிகம் இறங்கினால் முதலில் வால்வு. மூடியைக் கழற்றி ஒரு துளி சோப்புத் தண்ணீர் வையுங்கள், குமிழி எழுந்தால் உள்ளிருக்கும் வால்வு பின்னை முறுக்கினாலோ மாற்றினாலோ போதும். வால்வின் ரப்பர்த் தண்டை வளைத்து அடியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பு. பழைய அலாய் வீல்களில் அங்கே வெள்ளைப் பொடியாக அரிப்பு படிந்திருக்கும், இரும்பு ரிம் என்றால் துரு. கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து சீலர் தடவிப் பூட்டினால் நின்றுவிடும். எதிலும் பிடிபடாவிட்டால் சக்கரத்தோடு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும்.

டயர் அதிகம் ஓடவில்லை, ட்ரெட் நன்றாக இருக்கிறது, ஆனால் வெடிப்பு விட்டிருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பக்கச்சுவரில் நகம்கூடச் சிக்காத மெல்லிய கோடுகள் வெயிலாலும் ஓசோனாலும் வருபவை. கண்காணித்தால் போதும். நகம் இறங்கும் அளவு ஆழமாக இருந்தாலோ, ட்ரெட் பள்ளங்களின் அடியில் வெடிப்பு ஓடினாலோ, விரித்தால் நூல் தெரிந்தாலோ மாற்றுங்கள்.

வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், வெளியே காணாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டியதும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பரிசோதிப்பது நல்லது. பத்து ஆண்டு ஆகிவிட்டால் பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும் வேண்டாம். இது டிக்கியில் ஓடாமலே கிடக்கும் ஸ்டெப்னிக்கும் பொருந்தும்.

தேய்ந்த டயரில் பஞ்சர் ஆனால் ஒட்டுவது வீண் செலவா?

ட்ரெட் ஆழத்தைப் பொறுத்தது. புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் 1.6 மி.மீ. உயரம். ட்ரெட் அவற்றோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, பஞ்சர் பேச்சுக்கே இடமில்லை. பல நாடுகளில் சட்டப்படியான எல்லையும் அதுவே. ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே வந்ததுமே தண்ணீர் தேங்கிய சாலையில் பிடிப்பு வெகுவாகக் குறையும். அந்த நிலையில் துளையும் விழுந்தால் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

புது டயர் போடும் முன் பழையது தேய்ந்த விதத்தையும் கவனியுங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர். காரணத்தை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

ஒன்று மட்டும் மாற்றலாமா? ஜோடியா? நான்குமா?

மற்ற டயர்கள் ஏறக்குறைய புதிது என்றால் ஒன்று போதும். அதே அச்சில் இருக்கும் ஜோடி டயர் பாதி தேய்ந்துவிட்டது என்றால் இரண்டையும் மாற்றுங்கள். ஒரே அச்சில் இடமும் வலமும் வேறு வேறு ஆழம் இருந்தால், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் விதி கடுமை: சுற்றளவு மாறினால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கப்ளிங்கும் டிஃபரென்ஷியலும் ஓயாமல் உழைத்துச் சூடாகும். பல தயாரிப்பாளர்கள் ட்ரெட் ஆழத்தில் 2, 3 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது.

புது ஜோடியை முன்னால் போடுவதா, பின்னாலா?

பின்னால். முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தாலும் பின்னால்தான். தேங்கிய நீரில் முன்டயர் மிதந்தால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் பிடி திரும்பக் கிடைக்கும். பின்டயர் மிதந்தால் வண்டியின் பின்புறம் வீசிச் சுழன்றுவிடும், பெரும்பாலான ஓட்டுநர்களால் அதை மீட்க முடியாது.

வாங்கும்போது எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தால்: அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு, ரேடியல் டயர், ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, அதன் பொருள் 560 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரையிலான வேகத் தரம். எடைக் குறியீடு பழையதைவிடக் குறையவே கூடாது. கடையில் ‘சைஸ் ஒன்றுதான்’ என்று எடுத்துத் தரும்போது இந்தக் கடைசி எண்தான் பெரும்பாலும் மாறியிருக்கும்.

பஞ்சர் திரவம் ஊற்றியிருக்கிறேன். ரன்ஃபிளாட் டயர் என்றால் என்ன செய்வது?

திரவம் தற்காலிகமானது. ட்ரெட்டில் விழுந்த சிறு துளைக்கு மட்டும் உதவும், வேகம் 80 கி.மீ.க்குள் இருக்கட்டும். கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே கழுவித் துடைக்காமல் பேட்ச் ஒட்டாது. காற்றழுத்த சென்சார் இருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும்.

ரன்ஃபிளாட் டயர்கள் பொதுவாகக் காற்றில்லாமல் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகும்படி செய்யப்பட்டவை. அப்படி ஓடிய பிறகு பக்கச்சுவர் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று வெளியிலும் தெரியாது, பல நேரம் உள்ளேயும் தெரியாது. ஆகவே காற்று முழுதாக இறங்கி ஓட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மாற்றிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

டியூப்லெஸ் டயர் என்றால் ரப்பர் வால்வும் புதிதாகப் போடப்பட்டதா என்று கேளுங்கள். குறைந்த விலைப் பொருள், பழையதை விட்டுவைக்க நியாயமே இல்லை. காற்றழுத்தம் ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி இருக்க வேண்டும். டயரின் மேலேயே பொறித்திருப்பது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம், அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது. வீல் நட்டுகளை ஏர் கன்னால் ஒரேயடியாக முறுக்கிவிடாமல், எதிரெதிர் வரிசையில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் அதே ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். அலாய் வீலில் நட்டு கொஞ்சம் தளர்ந்திருப்பது அப்போதுதான் தெரியும்.